சந்தை மரக்கறிக்கடை நானாவுக்கு

அன்புள்ள நானா,

சென்ற சனிக்கிழமை நீங்கள் பத்திரிகைத் தாளில் சுற்றித் தந்த காசை வீட்டுக்கு வந்துதான் பிரித்தேன். 840 ரூபாய். ஒரே காலையில் அம்மா மூன்று தடவை வந்து அதே பயிற்றங்காயை வாங்கியிருக்கிறார். இரண்டாம், மூன்றாம் தடவைக் காசை நீங்கள் கல்லாவில் போடாமல் தனியே எடுத்து வைத்திருக்கிறீர்கள். "இனி அம்மாவைத் தனியே விடாதீர்கள் தங்கச்சி" என்றீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. நான் வாய்விட்டுச் சொல்லப் பயந்துகொண்டிருந்ததை நீங்கள் சந்தை நடுவில் சொல்லிவிட்டீர்கள். அன்று நன்றி கூடச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். கூடவே ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் இது தெரிய வேண்டும் என்பதால்தான் ஊரறிய எழுதுகிறேன். உங்கள் மகள் வாசித்துக் காட்டுவார்.

இருபது வருடம் எங்கள் ஒழுங்கைக்குச் சீட்டுப் பிடித்தவர் அம்மா. கொப்பி வைத்துக்கொண்டதில்லை. யார் எத்தனையாம் மாதம் எடுத்தார்கள் என்பது தலையிலேயே இருக்கும். உங்கள் முதல் தராசு அந்தச் சீட்டுக் காசில் வாங்கியது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

அவருக்கு வந்திருப்பது அல்சைமர் நோய், ஆரம்பக் கட்டம். அன்றன்று நடப்பதைப் பதிந்து வைக்க உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியை இது ஆரம்பத்திலேயே தாக்குகிறது. கை பழகிய வேலைகளின் நினைவு மூளையில் வேறு இடங்களில் இருப்பதால் அது நெடுநாள் தாங்கும். அதனால்தான் வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்க்க அம்மா மறக்கவில்லை. அப்படிப் பார்த்து வாங்கியதைத்தான் மறந்துவிட்டார்.

கிளினிக்கில் வைத்தியர் அம்மாவிடம் திகதி, கிழமை கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி எட்டு விடயங்கள் கேட்டார்: தொலைபேசி, கடைக்குப் போவது, சமையல், வீட்டுவேலை, துணி துவைப்பது, பயணம், மருந்து, காசு. 1969இல் லாட்டன், பிரோடி என்ற இருவர் அமெரிக்காவில் உருவாக்கிய அட்டவணையாம் அது. குளிப்பது, உடுப்பது, உண்பது போன்றவை பிந்தித்தான் தளருமாம். இந்த எட்டும் பல படிகள் கொண்டவை என்பதால் முதலில் ஆட்டம் காணுமாம். அந்தக் காலத்தில் ஆண்களுக்குச் சமையல், வீட்டுவேலை, துணி மூன்றையும் விட்டுவிட்டு ஐந்துக்குத்தான் புள்ளி போட்டார்களாம். எங்கள் அப்பா இருந்திருந்தால் தப்பியிருப்பார். உப்புப் போத்தல் எங்கே இருக்கிறது என்று சாகும்வரை அவருக்குத் தெரியாது.

நான் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். ஒருநாள் காஸ் அடுப்பு அணையாமல் கிடந்தது. பயந்துபோய் அம்மாவைக் குசினிப் பக்கமே வர விடவில்லை. மூன்று கிழமை கழித்துத் தேங்காய் துருவத் தந்தபோது, துருவலையின் முன் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தார். அதை நோய் பறித்ததா, நான் பறித்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. இப்போது பிட்டுக்கு மா குழைப்பதும் நீத்துப்பெட்டியில் போடுவதும் அம்மா. அடுப்பைப் பற்றவைப்பதும் அணைப்பதும் நான். தவறுகிற படியை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

சந்தையிலும் அப்படியே செய்யலாம் நானா. அம்மாவின் கைப்பையில் வாங்க வேண்டியதை எழுதிய ஒரு துண்டு இருக்கும். வாங்கியதை நீங்கள் பேனையால் வெட்டிவிடுங்கள். 5000 ரூபாய்த் தாளை எடுத்துவிட்டேன், நூறும் ஐநூறும்தான் இருக்கும். திரும்ப வந்தால் "இப்போதுதானே வாங்கினீர்கள், ஞாபகமில்லையா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வியால் ஞாபகம் வராது, வெட்கம்தான் வரும். ஊகித்துச் சொல்லவிட்டால் பிழையான ஊகமே மனதில் பதிந்துவிடும் என்றும் வைத்தியர் சொன்னார். துண்டைக் காட்டி "பயிற்றங்காய் பையில் இருக்கிறது அக்கா" என்றால் போதும்.

எப்போதும் இப்படி ஓடாது என்பதும் தெரியும். வழக்கமான ஒழுங்கையைக் கான் வேலைக்காக மூடியிருந்த அன்று அம்மா எங்கள் திருகோணமலை டச்சு விரிகுடாக் கடற்கரைக்குப் போய்விட்டார். தேடிப் போனபோது, மணலில் உட்கார்ந்து ஒரு மானுக்கு உங்கள் கடைக் கீரையைக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கால் நடுங்கியது. அதனால் தனியே அனுப்பாதே என்ற உங்கள் சொல்லில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். இனி நானும் வருவேன், ஆனால் மீன் பக்கம் தள்ளி நிற்பேன்.

இந்தச் சனிக்கிழமை பத்து மணிக்கு வருகிறோம். கத்தரிக்காய்க்கு அம்மா பேரம் பேசுவார். இரக்கப்பட்டு உடனே குறைத்துவிடாதீர்கள், கண்டுபிடித்துவிடுவார்.

இப்படிக்கு,
சீட்டு அக்காவின் மகள்