வெள்ளை விக்கும் மதுரா நகரிலோவும்

அன்புள்ள சிட்டு,

உன் இரண்டு கடிதங்களும் மேசை மேலேயே இருக்கின்றன. பதில் போடாமல் நான்கு மாதம் ஓட்டிவிட்டேன், மன்னித்துக்கொள். அம்மா நலம். என் முழங்கால் பரவாயில்லை, அரைமண்டிதான் பாதிக்கு மேல் இறங்க மறுக்கிறது. பேத்தியின் மொட்டைப் படம் பார்த்தேன். அப்படியே உன் காது! டீச்சர் தாளம் போடுகிற தட்டுக்கழிக்குப் பயந்து நீ மூடிக்கொள்வாயே, அதே காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சின்ன நாடகக் குழு நம் சென்னை நாட்டியக்காரர் சந்திரலேகாவின் வாழ்க்கையை மேடைக்குக் கொண்டுவருகிறது. சந்திரலேகாவாக நான். கத்தாதே, உட்கார்ந்து படி.

ஒத்துக்கொண்ட அன்று சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை. அவருடைய அங்கிகா நாட்டியம் வந்த 1985 நினைவிருக்கிறதா? "கதையும் இல்லை, சாமியும் இல்லை, அது என்ன நாட்டியம்" என்று டீச்சர் நம்மைப் போகவிடவில்லை. பரதத்தோடு களரிச் சண்டைப் பயிற்சியையும் யோகத்தையும் அவர் ஏன் சேர்த்தார் என்று நமக்குப் புரியவே பல வருஷம் ஆயிற்று. பிறகு அவருடைய ஷரீரா பார்த்தோம். குந்தேச்சா சகோதரர்களின் குரலில் துருபத், அந்தப் பழைய வடநாட்டுச் சங்கீதம், நிதானமாக விரிய, மேடையில் இரண்டே உடல்கள். ஒரு கால் தரையை விட்டு எழும்ப அத்தனை நேரம் எடுத்தது. நீ பாதியில் என் கையை இறுக்கிப் பிடித்தாய், கடைசி வரை விடவே இல்லை.

இரண்டாவது வாரம் ஒத்திகைக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே வெள்ளை விக், பெரிய பொட்டு, கண்மை. எல்லாம் போட்டுக்கொண்டு வந்து நின்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். "அப்படியே அவங்கதான்" என்றான் லைட் போடுகிற பையன். அவர் போனது 2006 டிசம்பரில், அப்போது இவனுக்கு நாலு வயசு இருக்குமா? கண்ணாடியைப் பார்த்தேன். முடி இருந்தது, பொட்டு இருந்தது, அவர் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது சிட்டு.

இதைத்தான் உன்னிடம் கேட்க வேண்டும். ஒரு எழுத்தாளரை மேடையில் கொண்டுவந்தால் அவர் எழுதியதைப் பேசிவிடலாம். ஆடினவரை எப்படிக் கொண்டுவருவது? அவர் நடனம் உடம்பிலிருந்து உடம்புக்குப் போனது. அவர் இறந்த பிறகும் அவர் குழுவில் ஆடிய திஷானி தோஷி பல வருஷம் ஷரீராவை ஆடினாரே, அவர் பக்கத்தில் இருந்து கற்ற உடம்பு அது. என் உடம்பு அப்படிக் கற்றதில்லை. அவர் நாட்டியத்தில் நான் கை வைக்கவே கூடாது என்று ஒரு வாரம் ஒத்திகைக்குப் போகவில்லை.

அப்புறம் சந்திரலேகாவின் 1952 ஞாபகம் வந்தது. காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் கற்றுக்கொண்டு அரங்கேற்றம் செய்கிறார். ராயலசீமா வறட்சி நிவாரணத்துக்காக நடந்த நிகழ்ச்சி. ஆடிய பாட்டு மதுரா நகரிலோ. யமுனை, நீர் விளையாட்டு, எங்கும் தண்ணீர். ஆடிக்கொண்டிருக்கும்போதே வெடித்த நிலமும் தண்ணீருக்கு வரிசையில் நிற்கிற ஜனங்களும் அவர் மனசுக்குள் வந்துவிட்டார்கள். கை தண்ணீரைக் காட்டுகிறது, யாருக்காகக் காட்டுகிறதோ அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. கலைக்கும் வாழ்க்கைக்கும் நடுவே இருந்த அந்தப் பிளவை அவர் கடைசிவரை மறக்கவில்லை. 1972-இல் நவகிரகா என்ற நாட்டியம் செய்தவர் 1985 வரை பெரிய படைப்பு எதுவும் மேடைக்குக் கொண்டுவரவில்லையே, அந்த வருஷங்களிலும் இந்தக் கேள்வி அவருக்குள் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சிட்டு, அந்த ஒரு கணம் எனக்குத் தெரியும். 2019 ஜூனில் நீ வந்திருந்தாய். செம்பரம்பாக்கம் வறண்டு கிடந்தது. ராத்திரி ஒரு மணிக்கு லாரி வந்தது, நாம் இரண்டு பேரும் பச்சைக் குடத்தோடு நின்றோம். மறுநாள் காலை வகுப்பில் குழந்தைகளுக்கு நதி அபிநயம் சொல்லிக்கொடுக்கக் கை தூக்கினேன், விரல் அசையவில்லை. ஏன் நிறுத்தினேன் என்று கேட்டாய், நான் பதில் சொல்லவில்லை. இதுதான்.

இப்போது இயக்குநரிடம் கேட்டிருக்கிறேன்: விக் வேண்டாம், பொட்டு வேண்டாம். பருத்திப் புடவை கட்டி, என் நரைமுடியோடு வருகிறேன். அங்கிகாவையும் ஷரீராவையும் ஆடிக்காட்ட மாட்டேன், அவற்றைப் பற்றிப் பேசுவேன். ஆடுவது மதுரா நகரிலோ மட்டும். நடுவில் கை நின்றுவிடும். பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும், கை நிற்கும். எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம். "ஜனங்களுக்கு அடையாளம் தெரிய வேண்டாமா" என்கிறார் அவர். எலியட்ஸ் கடற்கரை ஓரம் சந்திரலேகாவின் ஸ்பேசஸ் அரங்கில் அந்த வெள்ளை முடியைப் பார்த்தவர்கள் நிறையப் பேர் வருவார்களாம். அவர் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. விக் வந்தால் நான் இல்லை என்று சொல்லியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை முடிவு சொல்வார்.

அதற்குள் நீ ஒரு வேலை செய்ய வேண்டும். நம் பழைய கோடு போட்ட நோட்டு உன்னிடம்தானே இருக்கிறது? மதுரா நகரிலோவுக்கு டீச்சர் சொன்ன கை எல்லாம் அதில் எழுதி வைத்திருந்தாய். தண்ணீர் வருகிற இடத்தில் இரண்டு கையும் பதாக முத்திரையா, வலது மட்டுமா? என் கை ஒரு நாள் ஒன்று சொல்கிறது, மறுநாள் வேறு சொல்கிறது. எங்கே நிறுத்துவது என்று தீர்மானிக்க முதலில் அது சரியாகத் தெரிய வேண்டும். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இன்றைக்கே அனுப்பு.

உன்,
தையாதை