விளக்கை அணைத்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில் ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’ என்ற அமெரிக்க அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர் பற்றிய கட்டுரையைப் படித்தேன். “1978இல் வந்த சிறுவர் தொடரை எடுத்துப் பாதி விளக்கை அணைத்தார்கள், 2003இல் புதுத் தொடர் தயார்” என்கிறார் கட்டுரையாளர். பக்கத்திலேயே அவர் சிரிக்கும் படம். சிரிக்கட்டும்.

பழைய தொடரும் படுகொலையில்தான் தொடங்குகிறது. சமாதானம் என்று நம்பவைத்து, மனிதர்கள் வாழும் பன்னிரண்டு காலனிகளையும் சைலான்கள் என்ற எந்திர எதிரிகள் அழிக்கிறார்கள். ஆனால் அந்த முதல் கதை முடிவதற்குள்ளேயே, தப்பியவர்கள் கரில்லான் கிரகத்துச் சூதாட்ட விடுதியில் உட்கார்ந்திருப்பார்கள். காரியம்கூட ஆகியிருக்காது! 2003 தொடரை உருவாக்கிய ரொனால்ட் மூர் கைவைத்தது அங்கே. மினி தொடரை அடுத்து வரும் ‘33’ பகுதியில் 33 நிமிடத்துக்கு ஒருமுறை சைலான்கள் வருகிறார்கள், தப்பியவர்களின் விண்கப்பல்கள் ஒரு நொடியில் வேறிடத்துக்குத் தாவித் தப்புகின்றன. 237 தாவல், 130 மணி நேரம், தூக்கம் கிடையாது. பெருக்கிப் பாருங்கள், கணக்கு இடிக்காது. கடைசியில் 1,345 பேர் இருந்த தங்கள் சொந்தப் பயணிக் கப்பலையே சுடுகிறார்கள். பலகையில் உயிரோடு இருப்பவர்கள் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வந்த ஜனாதிபதி, ஒரு பிரசவச் செய்தி கேட்டு ஒன்றைக் கூட்டி 47,973 என்று எழுதுகிறார். இருட்டு இருப்பது அந்தப் பலகையில். செட்டில் எத்தனை விளக்கு எரிந்தால் என்ன?

கப்பலுக்குள் இருக்கும் “பழைய டெலிபோனெல்லாம் அலங்காரத்துக்கு” என்ற வரியையும் விட முடியவில்லை. கதையே அந்த டெலிபோனில்தான் நிற்கிறது. கேலக்டிகா என்ற போர்க்கப்பலில் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்க அதன் தளபதி அடாமா சம்மதிக்கவில்லை. மற்ற போர்க்கப்பல்களில் இருந்த வழிசெலுத்தும் மென்பொருளில் சைலான்கள் கள்ளவழி வைத்திருந்தார்கள். வைப்பர் என்பது சிறிய போர் விண்கலம்; புது மார்க் 7 வைப்பர்கள் சண்டை தொடங்கும் முன்பே அணைந்துபோகின்றன. மியூசியத்துக்கு என்று நிறுத்தியிருந்த பழைய மார்க் 2 வைப்பர்களில் அந்த மென்பொருள் இல்லை, பறக்கின்றன. இதைத்தான் அலங்காரம் என்கிறார்.

உங்கள் இதழுக்கு இது புதிதல்ல. முன்பொரு முறை சைலான்களைச் ‘சிலோன்’ என்று அச்சிட்டீர்கள். பழைய வானொலி நேயர்கள் ஆசையாகப் படித்து ஏமாந்திருப்பார்கள். இன்னொரு முறை வைப்பர் ஓட்டும் ஸ்டார்பக்கை ‘அவன்’ என்றே முழுப் பக்கத்துக்கும் எழுதினீர்கள். 1978இல் டர்க் பெனடிக்ட் நடித்தபோது ‘அவன்’ சரி. கேட்டி சாக்காஃப் நடித்த தொடரைப் பற்றி எழுதும்போதுமா? தொடக்க இசையில் வருவது “ஏதோ லத்தீன் பாட்டு” என்பது இந்தத் தடவை கிடைத்த பரிசு. அது காயத்ரி மந்திரம் ஐயா. இதைக் கண்டுபிடிக்க லாஸ் ஏஞ்சலீஸ் போக வேண்டாம், பக்கத்து வீட்டில் கேட்டாலே சொல்வார்கள். அறிவியல் புனைவு என்றால் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று வைத்திருக்கிறீர்கள். கிரிக்கெட் பக்கத்துக்கு இப்படி ஒருவரை அனுப்புவீர்களா?

விஷயம் தெரிந்த உங்களுக்கு இதையெல்லாம் நான் விளக்குவது அதிகப்பிரசங்கித்தனம்தான், மன்னிக்கவும். ஒரே ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு வந்த ‘பார்க்கும் வரிசை’ பெட்டியைத் திருத்திப் போடுங்கள். அதில் முதல் சீசனிலிருந்து தொடங்கச் சொல்லியிருக்கிறீர்கள். அப்படிப் பார்த்தால் யார் எதற்கு ஓடுகிறார்கள் என்றே புரியாது. 2003 டிசம்பரில் இரண்டு பாகமாக வந்த மினி தொடர்தான் முதலில். அதன்பின் முதல் சீசனின் 13 பகுதிகள். ‘ரேசர்’ என்ற தொலைக்காட்சிப் படம் இரண்டாம் சீசன் காலத்துக் கதை என்பதால் அங்கே செருகியிருக்கிறீர்கள். வந்தது 2007இல். நான்காம் சீசனுக்கான முன்னறிவிப்பு அதில் இருப்பதால் மூன்றாவது முடிந்தபிறகு பார்ப்பதே நல்லது. ‘தி பிளான்’ என்ற படம் எல்லாவற்றுக்கும் கடைசியில். முன்னால் பார்த்தால், மனித உருவில் கலந்திருப்பவர்களில் யார் யார் சைலான் என்று ஆரம்பத்திலேயே தெரிந்துபோகும்.

நாலு வரி இடம் போதும். கட்டுரையாளர் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினாலே கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்