சுக்குவுக்காக அழுகிற என் அம்மிணிக்கு

அன்புள்ள அம்மிணி,

உன் நாய் சுக்கு போய்ச் சேர்ந்த சேதியை உன் அப்பன்தான் போனில் சொன்னான். கூடவே இன்னொன்றும் சொன்னான். கல்யாண வீட்டில் உன் வீங்கிய கண்ணைப் பார்த்துவிட்டு ஒறம்பரைச் சொந்தக்காரர் ஒருவர், "போயும் போயும் ஒரு நாய்க்கா இந்த அழுகாச்சி?" என்று கேட்டாராம். நீ ஒன்றும் பேசாமல் பந்தியிலிருந்து எழுந்து போய்விட்டாயாம். அவருக்குச் சொல்ல வேண்டியதை உன்னிடம் சொல்கிறேன். இப்படி வாயடைத்துப் போனவர்கள் இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள், எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

வளர்த்த உசுருக்காக அழுவது நம் வீட்டுக்குப் புதுசில்லை, கண்ணு.

நம் காங்கேயம் பசு மயிலையை உனக்கு நினைவிருக்கும். அவளுடைய தாயை உன் தாத்தாவான அப்பாரு கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் பிடித்தார். சித்திரை மாதம் மாரியம்மன் கோயில் தேரையொட்டிக் கூடுகிற சந்தை அது. அங்கிருந்து தாராபுரம் பக்கம் நம் தோட்டம்வரை நடந்தே ஓட்டிவந்தார். அக்கம்பக்கத்தில் எல்லாரும் ஜெர்சி கலப்புக்கு மாறி சொசைட்டிக்குக் கேன் கேனாகப் பால் ஊற்றினார்கள். காங்கேயம் மாடு நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் கறந்தால் பெரிசு. "இதைக் கட்டிவெச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்காத ஆளில்லை. அப்பாரு பதிலே சொன்னதில்லை. பொழுதோடு கட்டுத்தரையில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார், அவ்வளவுதான்.

மயிலை கன்று போட்டது உன் கோடை விடுமுறையில். செம்மண் நிறத்தில் ஒரு கிடாரி. சீம்பால் காய்ச்சி உனக்கு வட்டலில் போட்டுக் கொடுத்தபோது, "கன்னுக்குட்டிக்கு மிச்சம் இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் தின்றாய். செவலை என்று பெயர் வைத்ததும் நீதான். பள்ளிக்கூடம் திறந்ததும் கோயமுத்தூருக்குப் போய்விட்டாய். அரையாண்டு லீவுக்கு வந்து கட்டுத்தரைக்குள் நுழைந்தவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. "என்ற செவலைய வித்துப்போட்டு வேற கன்னு கட்டிவெச்சிருக்கீங்க!" காங்கேயம் கன்று சிவப்பாகத்தான் பிறக்கும், ஆறு மாதம் ஆகிறபோது நிறம் மாறும் என்று அப்பாரு எவ்வளவோ சொல்லியும் நீ நம்பவில்லை. காதுக்குள் இருந்த சின்ன வடுவை விரித்துக் காட்டிய பிறகுதான் அழுகை நின்றது. கடைசிவரை அவள் பெயர் செவலைதான். வெள்ளை மாட்டைப் போய்ச் செவலை என்கிறார்களே என்று வந்தவர்கள் திகைப்பார்கள். நம் வீட்டில் ஒருவரும் மாற்றிக் கூப்பிடவில்லை.

மயிலை படுத்தபோது நீ கல்லூரியில் இருந்தாய். வயசாகிப் பின்னங்கால் விழுந்துவிட்டது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து கால்சியம் ஏற்றினார். எழவில்லை. எழாத மாடு ஒரே பக்கமாகக் கிடந்தால் புண் வைத்துவிடும். அதனால் சாக்கும் சோளத்தட்டும் பரப்பி, வேளைக்கு வேளை நாலு பேர் சேர்ந்து புரட்டிப் போட வேண்டும். உன் அப்பத்தா ராகிக் கஞ்சியை மூங்கில் குழாயில் புகட்டுவார். பாதி வாயோரமாய் வழிந்துவிடும். ராத்திரியில் அவள் முனகுகிற சத்தம் வீட்டு முன்கூடமான ஆசாரம்வரை கேட்கும். அப்பாரு தூங்கியதே இல்லை. ஒருநாள் விடியற்காலையில் என்னிடம், "இந்த வேதனைய நிறுத்தறதுக்கு ஒரு ஊசி இருந்தா, நானே போடச் சொல்லிருவேன் கண்ணு" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருமென்று நான் நினைத்ததில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். சுக்குவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய், ட்ரிப்ஸ் ஏற்றியும் ரத்தத்தில் கிரியாட்டினின் என்கிற கழிவு இறங்காமல், தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தபோது டாக்டர் அந்த ஊசியைப் பற்றிச் சொன்னார். நீ சம்மதித்தாய். "நானே கொன்னுட்டேன் அத்தை" என்று போனில் தேம்பினாய். இல்லை அம்மிணி. உன் அப்பாரு கேட்டும் கிடைக்காத ஒன்றை நீ சுக்குவுக்குக் கொடுத்தாய். உன் மடியில் தலை வைத்துத்தான் அவன் போனான். இதில் உன் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று நான் மனசாரச் சொல்கிறேன்.

மயிலை போன அன்று நம் தோட்டத்துச் சாளை வீட்டில் அடுப்புப் பற்ற வைக்கவில்லை. மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் வெள்வேல மரத்தடியில் குழி வெட்டி, மூட்டை உப்பைக் கொட்டி அடக்கம் செய்தோம். அவள் கழுத்து மணியை அப்பத்தா மஞ்சள் துணியில் முடிந்து பரணில் வைத்தார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

அந்த ஒறம்பரை இன்னொன்றும் கேட்டிருப்பார்: "ஆட்டைத் திங்கறீங்க, நாய்க்கு அழுவறீங்களா?" கேட்கட்டும், நியாயமான கேள்விதான். கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் மேய்ந்த மேச்சேரி ஆடுகளை நாம் சந்தைக்கு அனுப்பித்தான் பிழைத்தோம். உன் அப்பன் படித்ததும் அந்தப் பணத்தில்தான். ஆனால் தாய் செத்து, புட்டிப்பாலில் வளர்ந்த ஒரு குட்டி இருந்தது. அப்பத்தாவின் முந்தானையைச் சப்பிக்கொண்டே சமையல்கட்டுக்குள் திரியும். அதை மட்டும் யார் எவ்வளவு விலை சொன்னாலும் கொடுக்கவில்லை. கிழடாகி நம் பட்டியிலேயே செத்தது. எல்லா உசுருக்கும் ஒரே மாதிரி அழ மனுசரால் முடியாது. மடியில் வளர்ந்ததற்குக்கூட அழாவிட்டால் அப்புறம் எதற்கு அழுவது?

கருவாயனை நீ பார்த்ததில்லை. நீ பிறப்பதற்கு முந்தியே போய்விட்டான். வாய் மட்டும் கரேலென்று இருக்கும் நாட்டு நாய், பட்டிக்குக் காவல். ஒரு ஐப்பசி மழையில் ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டுப் பார்த்தால் சினை ஆடு ஒன்றைக் காணோம், கருவாயனையும் காணோம். அரிக்கேன் விளக்கோடு கிளுவை வேலியோரமாகத் தேடிப் போனோம். ஆடு அங்கேயே குட்டி போட்டிருந்தது. ஈரம் காயாத குட்டியை ஒட்டிப் படுத்திருந்தான் கருவாயன். வெளிச்சத்தைப் பார்த்ததும் வாலை மட்டும் ஆட்டினான், எழுந்திருக்கவில்லை. அப்பாரு குட்டியைத் துண்டில் சுற்றித் தூக்கிய பிறகுதான் உதறிக்கொண்டு எழுந்தான்.

சுக்குவும் இந்தத் தோட்டத்துக்கு ஒரு பொங்கலுக்கு வந்தானே! சென்னை அடுக்குமாடியில் வளர்ந்தவன், மாட்டைப் பார்த்ததும் உன் காலுக்குள் புகுந்துகொண்டான். மறுநாள் ஒடக்காய் என்கிற ஓணானைத் துரத்திப்போய் முள்ளுக்கிளுவைக்குள் மூக்கை விட்டு, முள்ளோடு திரும்பி வந்தான். நான் முள்ளைப் பிடுங்கும்வரை அசையாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் பார்த்தால் செவலையின் கன்றுக்குப் பக்கத்தில் மல்லாந்து தூக்கம். அன்றைக்கே அவன் நம் பட்டி ஆள் ஆகிவிட்டான்.

அதனால் இந்தப் பொங்க நோம்பிக்கு நீ கட்டாயம் வர வேண்டும். பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலையெல்லாம் சேர்த்துக் கட்டுத்தரையில் காப்புக் கட்டுவோம். மாட்டுப் பொங்கலன்று பட்டிக்குள் சாணத்தால் வரப்புக் கட்டித் தெப்பக்குளம் செய்து, செவலையையும் அவள் கன்றுகளையும் மிதிக்க விடுவோம். "பட்டி பெருக, பால்பானை பொங்க" என்று வட்டலைத் தட்டிச் சத்தம் போட உன் குரல் வேண்டும். இந்த வருசம் போனவர்களின் பெயரையும் சேர்த்துக் கூப்பிடலாம் என்றிருக்கிறேன்: மயிலை, கருவாயன், புட்டிப்பால் குட்டி, சோளத்தட்டுப் போருக்குள் குட்டி போட்டுவந்த அந்த வெள்ளைப் பூனை, சுக்கு.

அப்புறம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்குப் போகிறோம். உடுமலைப் பக்கத்துச் சனமெல்லாம் பொங்கல் மூன்று நாளும் பால் கொண்டுபோய் ஊற்றி, மாடு கன்று நல்லபடியாக இருக்க மண்ணில் செய்த உருவாரம் வைக்கிற கோயில். சின்னதில் உன் அப்பன் தோளில் உட்கார்ந்து வந்திருக்கிறாய். செத்ததற்கு உருவாரம் வைக்கிற வழக்கம் கிடையாது. ஆனாலும் மயிலை போன வருசம் அப்பத்தா அவளுக்கென்று ஒன்று வைத்தார். "அவ எங்கிருந்தாலும் நல்லா இருக்கோணும்ல?" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை.

சுக்குவுக்கும் ஒன்று சொல்லிவிட்டேன். உருவாரம் செய்கிற பெரியவர், "மாடுன்னா கண்ண மூடிட்டுச் செஞ்சிருவனுங்க. நாய்க்கு அடையாளம் சொல்லுங்க" என்கிறார். அவனுக்கு ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் இருக்கும் அல்லவா, மடங்கியது வலதா இடதா? வால் சுருட்டையா என்றும் கேட்கிறார். பக்கவாட்டில் எடுத்த போட்டோ ஒன்று அனுப்பு. மண் பிசைந்து, காயவைத்து, சூளையில் சுட வேண்டும். மார்கழி பிறப்பதற்குள் அவர் கையில் கிடைத்தால் நல்லது. அவன் கழுத்துப் பட்டையையும் மறக்காமல் எடுத்து வா, மயிலையின் மணியோடு சேர்த்து வைக்கலாம்.

டிக்கெட் போட்டதும் எந்த வண்டி என்று சொல். ஈரோட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

அன்புடன்,
அத்தை