சுடுதண்ணி கொடுத்த அண்ணனுக்கும், உடனிருந்த எல்லோருக்கும்

குடியாத்தத்து உறவுகளுக்கும், துணி கொடுத்துவிட்டு இத்தனை மாதமும் பொறுத்துக்கொண்ட என் கடை வாடிக்கையாளர்களுக்கும் வணக்கம்.

புற்றுநோய்க்கு ஏற்றிய மருந்தோடு சேர்த்துச் சாப்பிட்டு வந்த கீமோ மாத்திரையும் போன வாரத்தோடு முடிந்தது. ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, "இனிமேல் மூணு மாசத்துக்கு ஒரு தரம் வந்து காட்டினால் போதும்" என்று சொல்லிவிட்டார். என்ன வந்தது, எப்படிக் கண்டுபிடித்தார்கள், ஆபரேஷன் எப்படி நடந்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை. பாதிப் பேர் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் வீட்டுக்காரரோடு உட்கார்ந்திருந்தவர்கள்தானே. அதனால் அந்தக் கதைக்குள் போகவில்லை. இந்த ஈரம் காய்வதற்குள் நன்றியை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதல் நன்றி உங்களில் யாருக்குமே தெரியாத ஒருவருக்கு.

எனக்கு ஏற்றிய மருந்தின் பெயர் ஆக்சாலிபிளாட்டின். பேரிலேயே இருப்பதுபோல் பிளாட்டினம் சேர்ந்த மருந்து. 1976-ல் ஜப்பானில், நகோயாவில் உண்டாக்கினார்கள் என்று மகன் படித்துச் சொன்னான். இதில் முடி மொத்தமாகக் கொட்டுவதில்லை, கொஞ்சம் மெலிகிறது, அவ்வளவுதான். அதனாலேயே பலர் என் தலையைப் பார்த்துவிட்டு, "முடியெல்லாம் அப்படியே இருக்கே, உனக்கு லேசான கீமோதான் போல" என்று ஆறுதல் சொன்னார்கள். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் இந்த மருந்தின் கொடுமை தலையில் தெரியாது, தண்ணீரில் தெரியும். மருந்து ஏறிய சில மணி நேரத்திலேயே குளிர்ந்தது எதையும் தொட முடியாமல் போய்விடும். நரம்புகளில் சோடியம் உள்ளே போகும் வாசல்களை இது குலைத்துவிடுகிறதாம். குழாயைத் திறந்து கை வைத்தால் விரல் நுனியில் ஷாக் அடிக்கும். முதல் வாய் சோற்றை மெல்லும்போது தாடை இழுத்துப் பிடிக்கும். நாலைந்து நாள் இப்படி இருந்து மெல்ல அடங்கும். அடுத்த முறை ஏற்றினால் மறுபடி ஆரம்பிக்கும்.

நர்ஸம்மா எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லித்தான் அனுப்பினார். பச்சைத்தண்ணீரே இந்த உடம்புக்கு ஐஸ் ஆகிவிடும் என்பது மட்டும் பட்டால்தான் புரியும்.

முதல் மருந்து ஏற்றிக்கொண்டு வெளியே வந்த தை மாத மத்தியானம் அது. வேலூர் ஆஸ்பத்திரிக்கு எதிரே லாட்ஜுகள் நெருக்கி நிற்கிற சந்தில் ஒரு டீக்கடை. வாய் கசந்து கிடந்ததால், மேஜையில் இருந்த ஜக்கிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். தொண்டையைக் கயிறு போட்டு இறுக்கியது போல் ஆகிவிட்டது. மூச்சு போகிறதா, நின்றுவிட்டதா என்றே தெரியவில்லை. வீட்டுக்காரர் பதறிப்போய் ஆட்டோவைக் கூப்பிட ஓடினார். பாய்லர் பக்கத்தில் இருந்த பெரியவர் அவசரப்படாமல் வந்தார். "குந்துமா மொதல்ல. மூச்சு உள்ள போவுது, பயப்படாத. மூக்கால மெதுவா இழு" என்றார். பிறகு ஒரு கண்ணாடி டம்ளரில் வெந்நீர் பிடித்து, பச்சைத்தண்ணீர் விட்டு விளாவி, சூடு சரியா என்று தன் மணிக்கட்டில் ரெண்டு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு, டம்ளரைச் சுற்றிச் செய்தித்தாளை மடித்து வைத்து என் கையில் கொடுத்தார். ரெண்டு மிடறு இறங்கியதும் தொண்டை விட்டது.

"இந்த மருந்து ஏத்திக்கினு வர்றவங்களுக்குப் பச்சத்தண்ணி ஆவாதுமா. நெறைய பேரைப் பாத்துட்டேன். ஆனா டாக்டராண்ட சொல்லாம இருந்துடாத" என்றார்.

அன்றைக்கே திரும்பிப் போய்ச் சொன்னோம். டாக்டரம்மா தொண்டையைப் பார்த்து, மூச்சையும் சோதித்துவிட்டு, உள்ளே எதுவும் அடைக்கவில்லை, நரம்பு காட்டுகிற பொய்தான் என்று விளக்கினார். அடுத்த தடவை ரெண்டு மணி நேரத்தில் ஏற்றியதை இன்னும் நிதானமாக ஏற்றச் சொன்னார். அந்தத் தொண்டைப் பிடிப்பு அப்புறம் அந்த அளவுக்கு வரவே இல்லை.

டீக்கடை அண்ணனிடம் நான் வியந்தது அதற்குப் பிறகு நடந்ததைத்தான். அடுத்த முறை போனபோது, என்னைத் தூரத்தில் பார்த்ததுமே பாய்லர் மூடிமேல் ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டார். காலி டம்ளரின் குளிர்ச்சிகூட என் கையில் படக்கூடாது என்று. ஸ்டீல் டம்ளரை என் பக்கம் நீட்டியதே இல்லை. காற்று அடிக்கிற வாசல் பெஞ்சில் உட்காரவும் விடமாட்டார், "உள்ளாற வந்து குந்து" என்பார். டீக்கு மட்டும் காசை ஒழுங்காக வாங்கிக்கொண்டார். அது எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்த மாதங்களில் என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் பாவம் என்று பார்த்தார்கள், அவர் ஒருவர்தான் வாடிக்கைக்காரி என்று பார்த்தார்.

எனக்கு மட்டும் செய்ததும் இல்லை. வேலூரைத்தான் தெரியுமே, வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் காட்பாடியில் வந்து இறங்குகிற நோயாளிகள் எத்தனை பேர். ஒரு நாள் கையில் ஊசி போட்ட பிளாஸ்திரியோடு ஒரு வங்காளி அம்மா ஜக்கின் பக்கம் கையை நீட்டினார். அண்ணன் ஜக்கை நகர்த்திவிட்டு, "கரம் ஜல்?" என்று கேட்டார். அந்த அம்மாவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். ஆயிரம் மைல் தாண்டி வந்த ஊரில், தன் உடம்புக்கு எது ஆகாது என்று தெரிந்த ஒரு மனிதர், அதுவும் தன் பாஷையில் கேட்கிறார். 1900-ல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் ஆரம்பித்த ஊர் இது. அந்தக் கட்டில் இன்று எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியாகிவிட்டது என்று எல்லோரும் பேசுகிறோம். அதைச் சுற்றியிருக்கிற சந்துகளும் கூடவே வைத்தியம் கற்றுக்கொண்டதை நான் இந்த ஆறு மாதத்தில்தான் கண்டேன்.

நடுவில் ஒரு தடவை ஆஸ்பத்திரியில் தமிழில் ஒரு படிவம் கொடுத்தார்கள். முப்பது கேள்விகள். போன வாரத்தில் வாந்தி வந்ததா, தூக்கம் வந்ததா, வீட்டு வாழ்க்கைக்கு இடைஞ்சலா, பணக் கஷ்டமா என்று போய், கடைசியில் மொத்தமாக வாழ்க்கைத் தரம் எப்படி இருந்தது, 1 முதல் 7-க்குள் வட்டமிடு என்று கேட்டது. 1 என்றால் ரொம்ப மோசம், 7 என்றால் ரொம்ப நல்லது. பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். அந்த வாரம் சாப்பாடு பிடிக்கவில்லை, உள்ளங்கால் எரிந்தது, ராத்திரி தூக்கமில்லை. ஆனாலும் 5-ல் வட்டம் போட்டேன். அந்த வாரம் நான் ஒருத்தர் கடையில் மற்றவர்களைப் போல உட்கார்ந்து, பயமில்லாமல் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருந்தேன். அதற்கு எத்தனை மார்க் என்று அந்தப் படிவத்தில் தனியாகக் கேட்கவில்லை, நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். "சட்டைப் பட்டன் போட முடியுதா, ஊசியில நூல் கோக்க முடியுதா?" என்று ஒவ்வொரு முறையும் விடாமல் கேட்ட டாக்டரம்மாவுக்கு. டெய்லருக்கு விரல்தான் சொத்து என்று அவருக்குத் தெரிந்திருந்தது. காஜா எடுக்கும்போது ஊசி குத்தி, துணியில் ரத்தம் பட்ட பிறகுதான் குத்தியதே தெரிகிறது என்று நான் சொன்ன அன்று மருந்தின் அளவைக் குறைத்தார். கீமோவில் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், மரத்துப்போவதை மறைக்காமல் சொல்லுங்கள். தாங்கிக்கொண்டால் மருந்து கூடுதலாக வேலை செய்யும் என்பதெல்லாம் கிடையாது. இப்போதும் விரல் நுனி முழுதாகத் திரும்பவில்லை. மருந்து நின்ற பிறகும் சில மாதம் இழுக்கும் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

உள்ளங்கை சிவந்து உரிந்து, ரேஷன் கடை மிஷினில் என் ரேகை விழாமல் போனபோது, "அது மாத்திரையோட வேலை அக்கா, நீங்க நிக்காதீங்க" என்று என்னை உட்காரவைத்து, மகனை வரச்சொல்லி அவன் ரேகையில் அரிசி போட்டுக் கொடுத்த தம்பிக்கு. நூறைத் தாண்டிக் காய்ச்சல் அடித்த ராத்திரியில், விடியட்டும் என்று சொல்லாமல் கே.வி.குப்பம், லத்தேரி, காட்பாடி என்று நிற்காமல் கொண்டுபோய்ச் சேர்த்த எங்கள் தெரு ஆட்டோத் தம்பிக்கு. வெள்ளை அணு குறைந்திருக்கும்போது வருகிற காய்ச்சலுக்கு விடியும் வரை காத்திருக்கவே கூடாது என்று டாக்டர்கள் அழுத்திச் சொன்னார்கள். அன்று அவன் வந்ததால்தான் இன்று எழுதுகிறேன். ஜன்னலோரம் வேண்டாம் என்றதும் ஏன் என்று கேட்காமல் இடம் மாற்றிக் கொடுத்த கண்டக்டர்களுக்கு, காப்பீட்டுத் திட்டக் கவுன்டரில் காகிதங்களை வரிசைப்படுத்திக் கொடுத்த பெண்ணுக்கு, தாளிக்கிற வாசனை எனக்குக் குமட்டும் என்று அடுப்படி ஜன்னலைச் சாத்திவைத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு, கடையைச் சாத்தவிடாமல் ஹெம்மிங்கும் ஹூக்கும் முடித்துக் கொடுத்த என் கடைப் பெண்களுக்கு. வீட்டுக்காரருக்கும் மகனுக்கும் நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

இனி நான் எனக்கே சொல்லிக்கொண்ட ஒன்று. இந்த வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் வந்தபோது நான் மருந்து ஏற்றிய மூன்றாம் நாளில் இருந்தேன். அக்கினி வெயில். ஊரெல்லாம் மோர்ப் பந்தல், பானகம், ஐஸ் போட்ட தண்ணீர். எங்கள் தெருப் பையன்கள் ஆசையாக மோரைக் கொண்டுவந்து நீட்டினார்கள். முந்தானையால் டம்ளரைப் பிடித்து வாங்கி வைத்துக்கொண்டேனே தவிர, வாயில் வைக்க முடியவில்லை. அந்தக் கூட்டத்தில் என்னைப் போல இன்னும் எத்தனை பேர் தாகத்தோடு நின்றார்களோ.

அடுத்த வைகாசியில் எங்கள் தெருப் பந்தலில் மோர்ப் பானைக்குப் பக்கத்தில், பெரிய ஃபிளாஸ்க்கில் சுடுதண்ணியும் இருக்கும். பேப்பர் கப்பும், விளாவித் தர ஒரு ஆளும் இருப்பார்கள். கேட்கிறவர்களிடம் ஏன் எதற்கு என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள். பந்தல் போடுகிற தம்பிகளிடம் பேசிவிட்டேன், சரி என்று சொல்லிவிட்டார்கள். செலவு என்னுடையது. நம் ஊரின் மற்ற பந்தல்காரர்களும் வைப்பதானால் ஃபிளாஸ்க் வாங்கித் தரத் தயாராக இருக்கிறேன், கடைக்கு வந்து சொல்லுங்கள்.

நன்றியோடு,
உங்கள் டெய்லர் அக்கா,
குடியாத்தம்.