அத்தையை உட்கார வைக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அதிக நேரம் உட்கார்ந்திருப்பது மூளையையும் பாதிக்கும் என்ற உங்கள் கட்டுரை ஐ.டி. ஊழியர்களையே சுற்றி வந்தது. அறுபதைத் தாண்டியவர்களை விட்டுவிட்டீர்களே! அவர்களைப் பாசத்தோடு உட்கார வைப்பதே நாம்தான்.

எங்கள் அத்தை (மாமியார்) கீரைக்காரம்மா குரல் கேட்டால் இரண்டு மாடி இறங்கிப் போவார். தண்டைக் கிள்ளிப் பார்த்து, நேற்றைய பாக்கி ஐந்து ரூபாயை மறக்காமல் கழித்துவிட்டுத்தான் காசு கொடுப்பார். எதிர்வீட்டுப் பாட்டிக்கு அந்த வேலை கிடையாது. எல்லாம் ஆப்பில் வந்துவிடுகிறது. "நீங்க உட்காருங்கம்மா" என்று கையில் ரிமோட்டைக் கொடுத்துவிடுகிறார்கள்.

பிரிட்டனில் அறுபதைத் தாண்டிய சுமார் ஐம்பதாயிரம் பேரின் மணிக்கட்டுக் கருவிப் பதிவுகளை ஆராய்ந்து 2023இல் ஓர் ஆய்வு வந்தது. நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் அசையாமல் இருந்தவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. உடற்பயிற்சியைக் கணக்கில் சேர்த்த பிறகும் அப்படித்தான். காலையில் வாக்கிங், அப்புறம் முழுக்க சோபா என்பவர்கள் கவனிக்க.

மறதி தொடங்கியதால்தான் முடங்கினார்களோ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 2011இல் அமெரிக்காவில் 120 முதியவர்களை இரு பிரிவாக்கி ஓராண்டு சோதித்தார்கள். வாரம் மூன்று நாள், நாற்பது நிமிடம் நடந்தவர்களுக்கு நினைவைப் பதிந்துவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதி சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது. கைகால் நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சுருங்கியிருந்தது.

உட்கார்ந்து என்ன செய்கிறோம் என்பதும் முக்கியம். டிவி முன் உட்காருவதோடு மறதி நோய் வாய்ப்பு கூடியது, கணினி முன் உட்காருவதோடு குறைந்தது என்று 2022இல் இன்னோர் ஆய்வு சொன்னது. சீரியல் தயாரிப்பாளர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

மூட்டுவலிக்காரர்களை விரட்டி நடக்க வைக்க முடியாதுதான், விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும். அவர்களுக்கு எது பாதுகாப்பான அசைவு என்று ஒரு இயன்முறை மருத்துவரை எழுதச் சொல்லுங்கள். 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அறிவித்தது நல்ல விஷயம். எங்கள் அத்தைக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரைக்கும் பைக் நிறுத்தாத, சிலாப் உடையாத நடைமேடை இருந்தால் போதும். அதையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சேலம்