நம் ஏரிக்குப் பாலைவன வைத்தியம் வேண்டாம்: குடியிருப்பின் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்டை வீட்டாருக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் நம் குடியிருப்பிலுள்ள, பாசி படர்ந்த செயற்கை ஏரியைச் சீரமைக்கும் தீர்மானம் வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு வருகிறது. நிர்வாக மன்றத்துக்கு ஆங்கிலத்தில் தனியே எழுதிவிட்டேன். இந்த மடல் உங்களுக்கானது. நம்மில் பலர், நமக்குப் பதிலாக வேறொருவர் வாக்களிக்க இடம் தரும் பதிலாள் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். இம்முறை அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஒப்பந்ததாரரின் திட்டம் இதுதான்: பாசிக்கு வெயில் எட்டாதபடி நீரில் நீலச் சாயம் கலப்பது, பாசியைக் கொல்ல மாதந்தோறும் தாமிர சல்பேட் தெளிப்பது, ஏரியின் நடுவே உயரமான நீரூற்று அமைப்பது. துபாயிலும் அரிசோனாவிலும் குடியிருப்பு ஏரிகளை இப்படித்தான் பராமரிக்கிறார்கள் என்று படம் காட்டினார்கள். படங்கள் அழகாகத்தான் இருந்தன. வளைகுடாவில் அத்தகைய ஏரிகளின் பராமரிப்பில் வேலை பார்த்தவன் நான். அந்த ஏரிகளின் நோய் வேறு, நம் ஏரியின் நோய் வேறு.

அரிசோனாவின் ஃபீனிக்ஸ் பகுதியில் ஆண்டு மழை ஏறத்தாழ 200 மில்லிமீட்டர். துபாயில் அதில் பாதிகூடத் தேறுவது கடினம். ஆனால் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் ஆழத்துக்கு நீர் ஆவியாகிப் போகும். எனவே ஏரிக்கு ஓயாமல் நீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதைத் தாங்க முடியாமல்தான் அரிசோனா 1987-இலேயே குடியிருப்புகளின் அலங்கார ஏரிகளுக்குச் சட்டம் போட்டுக் கட்டுப்பாடு விதித்தது. போவது நீர் மட்டும்தான், உப்பு தங்கிவிடும். ரசம் வற்ற வற்றக் கரிப்பதைப் போல ஏரியும் கரிக்கத் தொடங்கும். அவ்வப்போது ஒரு பகுதி நீரை வெளியேற்றிப் புதிதாக நிரப்ப வேண்டும். நிரப்புவதும் பல இடங்களில் சுத்திகரித்த கழிவுநீர்தான். அதோடு பாசிக்கு வேண்டிய நைட்ரஜனும் பாஸ்பரஸும் வந்து சேரும். மேகமே இல்லாத வானம் வேறு. சாயமும் தாமிரமும் அங்கே வேறு வழியில்லாமல் வந்தவை. நீரூற்றை அங்கேயே யோசித்துத்தான் இயக்குவார்கள், காற்றடித்தால் நீர் வீணாகும் என்பதால்.

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. நம் ஏரி வற்றுவதில்லை, வழிகிறது. உப்புச் சிக்கலும் கிடையாது. நமக்கு வினை, மழை அடித்துக்கொண்டு வருவதில் இருக்கிறது: புல்வெளிக்குப் போடும் உரம், சருகு, மண், நாய்க் கழிவு. இவற்றால் பாசி பெருகுகிறது. பகலில் பாசி ஆக்சிஜனைத் தரும். இரவில் அதுவே உறிஞ்சும். விடியலுக்குச் சற்று முன்புதான் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. காலை நடைக்குப் போகிறவர்கள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளப்பதைப் பார்த்திருப்பீர்கள். பசி என்று நினைத்து ரொட்டியைப் போடுகிறார்கள்! அவை மூச்சுக்குத் தவிக்கின்றன.

இந்த நிலையில் தாமிர சல்பேட்டைக் கொட்டினால் பாசி மொத்தமாகச் செத்து அழுகும். மிச்சமிருக்கும் ஆக்சிஜனும் போய் மீன்கள் மிதக்கும். செத்த பாசியிலிருந்து பாஸ்பரஸ் மீண்டும் நீருக்கே வரும். அடுத்த மாதம் மறுபடி பாசி, மறுபடி தாமிரம், மறுபடி பில். நீலப்பச்சைப் பாசி வகைகள் சிலவற்றில் நச்சு உண்டு. செல் உடைந்தால் அது நீரில் கலக்கும். தாமிரமோ மக்காது, சேற்றில் சேர்ந்துகொண்டே போகும். இந்தத் தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. நம் ஏரி வழிந்தோடும் வடிகால் எந்த நீர்த்தேக்கத்தில் போய்ச் சேருகிறது, நாட்டின் நீரைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் கேட்டாயிற்றா என்ற கேள்விக்குத் திட்டத்தில் ஒரு வரி பதில்கூட இல்லை.

வேறு வழி தேடி ஃபீனிக்ஸ் வரை போக வேண்டியதில்லை. பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் குளத்து நீரைச் செடிப் படுகைகள் வழியே ஓடவிட்டுச் சுத்தம் செய்கிறார்கள். செங்காங்கில் 2010 முதல் மிதக்கும் சதுப்புத் தோட்டம் இருக்கிறது. அதன் வேர்கள் நீரிலுள்ள ஊட்டச்சத்தை உறிஞ்சுகின்றன. நமக்குத் தேவை மூன்று: அடித்தளத்திலிருந்து இரவு முழுவதும் காற்றுக் குமிழி விடும் கருவி, கரையோரம் உரமே போடாத ஒரு செடி வரிசை, முதலில் ஒருமுறை சேறு அள்ளுதல். நீரூற்று மேல்நீரைத்தான் கலக்கும், பார்வைக்கு நன்றாக இருக்கும்.

டெங்கிக்குப் பயந்து ஏரியையே மூடிவிடலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏடிஸ் கொசு தேடுவது உங்கள் பூந்தொட்டித் தட்டில் தேங்கிய தெளிந்த நீரை. மீன் திரியும் ஏரி அதற்குப் பிடிக்காது. மாலையில் சுவரில் அப்பிக்கொள்வது கடிக்காத சிறு ஈ வகை. பிடோக், பாண்டான் நீர்த்தேக்கங்களின் அருகில் வசிப்பவர்களுக்கு அது பழகிய தொல்லை. அதன் புழு சேற்றில் வளர்வதால் சேறு அள்ளினால் அதுவும் குறையும்.

நம் வீட்டுக் கணக்கும் கொஞ்சம் உண்டு. மீதச் சோற்றை மீனுக்குப் போடுவது புண்ணியம் என்று நம் பெரியவர்கள் நம்புகிறார்கள். தின்றது போக மிச்சமெல்லாம் பாசிக்குத்தான். சதுர்த்தி முடிந்து பிள்ளையாரை ஏரியில் கரைப்பவர்கள் வீட்டில் ஒரு வாளி நீரில் கரைத்துச் செடிக்கு ஊற்றுங்கள், அவர் கோபிக்க மாட்டார். பௌத்தர்களின் விசாக தினத்தையொட்டி ஆமைகளை விடுவோருக்கும், ஏரியில் விட வேண்டாம் என்று நிர்வாகம் சொல்ல வேண்டும்.

இப்போதுள்ள தீர்மானத்துக்கு எதிராக வாக்களியுங்கள். நேரில் வர முடியாதவர்கள் வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட வேண்டாம், உங்கள் முடிவை அதில் குறித்துக் கொடுங்கள். விடியலுக்கு முன் ஆக்சிஜன் அளவு, நீரில் பாஸ்பரஸ், சேற்றின் ஆழம் ஆகிய மூன்றையும் சோதித்து முடிவுகளை மின்தூக்கி அருகிலுள்ள அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பிறகே புதிய விலைப்புள்ளி கேட்க வேண்டும் என்று மாற்றுத் தீர்மானம் ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். அதை ஆதரிக்க விரும்புவோர் கூட்டத்துக்கு முந்திய ஞாயிறு மாலை பலநோக்கு அறைக்கு வாருங்கள்.

அன்புடன்,
ஏரியைப் பார்த்த வீட்டுக்காரன்