பாய்காட் என்றொரு ஆள் இருந்தார்

அன்பு நண்பா,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்குத் திருச்சிக்கே மாற்றல் கிடைத்துவிட்டது.

புறக்கணிப்பைச் சொல்லும் ‘பாய்காட்’ என்ற சொல் எப்படி வந்தது என்று உன் பேரன் கேட்டானாமே. அது ஓர் ஆளின் பெயர் என்று சொல். சார்லஸ் பாய்காட், அயர்லாந்தின் மேயோ பகுதியில் எர்ன் பிரபுவின் நிலங்களைக் கவனித்த ஏஜென்ட். 1880இல் குத்தகைதாரர்கள் கேட்ட அளவுக்குக் குத்தகையைக் குறைக்காமல், வெளியேறச் சொல்லி நோட்டீஸ் அனுப்பினார். அதற்குச் சில நாள் முன்புதான், செப்டம்பர் 19 அன்று, எனிஸ் ஊர்க் கூட்டத்தில் அயர்லாந்துத் தலைவர் பார்னெல் ஒரு வழி சொல்லியிருந்தார்: ஒருவரை விரட்டிவிட்ட நிலத்தை இன்னொருவன் எடுத்தால், தெருவிலும் கடையிலும் தேவாலயத்திலும் அவனோடு யாரும் ஒட்டக் கூடாது.

அதை மக்கள் பாய்காட்டிடமே செய்து காட்டினார்கள். கூலியாட்கள் நின்றுவிட்டார்கள். கொல்லர் வரவில்லை, துணி வெளுக்க ஆளில்லை, பக்கத்து ஊரான பாலின்ரோப் கடைக்காரர்கள் சாமான் தர மறுத்தார்கள். கடைசியில் வெளியூரிலிருந்து 50 பேர் வந்து அறுவடை செய்தார்கள். அவர்களுக்குக் காவலாகப் பட்டாளமும் போலீசும்! 500 பவுண்டு விளைச்சலுக்கு 10,000 பவுண்டு செலவு என்று ஊரே பேசியது. நவம்பர் கடைசியில் அவர் அங்கிருந்து கிளம்பிவிட்டார்.

இந்தத் தண்டனைக்குப் பெயர் வைத்தவர் ஜான் ஓமாலி என்ற பாதிரியார். ஏற்கெனவே இருந்த கனமான ஆங்கிலச் சொல் குடியானவர்களுக்குப் புரியாது என்றுதான் அந்த ஆளின் பெயரையே வினைச்சொல்லாக்கினார்.

அப்புறம் அதன் பொருள் மெல்ல நகர்ந்தது. 1905இல் வங்கப் பிரிவினையை எதிர்த்து நம்மவர்கள் பாய்காட் செய்தது அன்னியத் துணியை. 1980இல் பல நாடுகள் பாய்காட் செய்தது மாஸ்கோ ஒலிம்பிக்கை. மனிதரை ஒதுக்குவதற்குப் பிறந்த சொல் சரக்குக்கும் பந்தயத்துக்கும் போய்விட்டது.

ஆனால் முதல் பொருள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. நம் பக்கத்து ஊர்விலக்கை நினைத்துப் பார். கடையில் சாமான் கிடையாது, வயலில் வேலை கிடையாது, பேசினால் அபராதம். மேயோவில் நிலமில்லாதவன் கையில் இருந்த ஆயுதம், இங்கே நிலமுள்ளவன் கையில். இதை நினைத்தால் எனக்கு ஆறவே இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம், பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் இப்படிச் சமூக, பொருளாதார பாய்காட் செய்வதைக் குற்றமாக்கியது. பையனிடம் அயர்லாந்துக் கதையோடு நிறுத்திவிடாதே, இதையும் சேர்த்துச் சொல்.

கண்ணுக்குச் சொட்டு மருந்தை விடாமல் போடு. பொங்கலுக்கு வரமுடியுமா என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்